கட்டுரை எங்கே நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

ஆய்விதழ்களுக்கு இணையம் வழியாகக் கட்டுரை அனுப்புவது, அதைத் துறை அறிந்த பிறர் படித்து மதிப்பீடு செய்வது, அதற்கான மென்பொருள்கள் ஆகியவை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிச் சென்ற இதழில் அறிவிப்பு வந்திருந்தது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘என் பெயரைப் போடாதீர்கள், நெறியாளர் பார்த்துவிடுவார்’ என்ற வரி இருந்தது. அதனால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும்தான். பதில் சொல்ல இவள் யார் என்று கேட்பவர்களுக்கு: 1988இல் ஒரு காலாண்டு ஆய்விதழின் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன், நிர்வாக ஆசிரியராக ஓய்வு பெற்றேன். முதல் இருபது ஆண்டுகள் தபாலும் நீளப் பதிவேடும். பிறகு கொஞ்ச காலம் மின்னஞ்சல். கடைசி ஒன்பது ஆண்டுகள் மென்பொருள். மூன்று காலத்திலும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆய்வு மாணவி, திருச்சி: கட்டுரை அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. இதழின் மென்பொருளுக்குள் நுழைந்து பார்த்தால் ‘அண்டர் ரிவியூ’, அதாவது மதிப்பீட்டில் உள்ளது, என்றே நிற்கிறது. தினமும் பார்க்கிறேன். உண்மையில் யாராவது அதைப் படிக்கிறார்களா?

தினமும் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள் அம்மா. அடுப்பில் வைத்த பாலைப் பார்த்தால் பொங்காமல் தடுக்கலாம். இதைப் பார்த்து ஆவது ஒன்றுமில்லை.

என் பதிவேட்டில் ஏழு கட்டங்கள் இருந்தன. வரிசை எண், வந்த தேதி, தலைப்பு, முதல் மதிப்பீட்டாளருக்கு அனுப்பிய தேதி, இரண்டாமவருக்கு அனுப்பிய தேதி, திரும்பி வந்த தேதி, முடிவு. இன்றைய மென்பொருள் எல்லாம் இந்த ஏழு கட்டங்களை வைத்துக் கட்டியதுதான். என் பதிவேட்டை நான் மட்டும் பார்த்தேன். இப்போது கட்டுரை எழுதியவரும் ஒரு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கலாம். அந்த ஜன்னலில் தெரிவது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்பதால்தான் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

பின்னால் நடப்பது இதுதான். கட்டுரை முதலில் இதழாசிரியரின் மேசைக்குப் போகிறது. இதழின் எல்லைக்குள் வருகிறதா, அடிக்குறிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு மதிப்பீட்டாளர்களை அழைக்கிறார். அழைப்பு என்பது ஒரு மின்னஞ்சல். சிலர் உடனே முடியாது என்பார்கள், அவர்கள் புண்ணியவான்கள். பலர் பதிலே போடுவதில்லை. ஆறு பேரை அழைத்து இரண்டு பேர் சம்மதித்துவிட்டால் அது எங்களுக்கு நல்ல வாரம். சம்மதித்தவர்களும் விடைத்தாள் திருத்தும் பருவம், மகள் கல்யாணம், கண் அறுவைச் சிகிச்சை என்று தள்ளிப்போடுவார்கள். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு மென்பொருளும் இதற்குத் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. எடிட்டோரியல் மேனேஜர் என்ற மென்பொருளில் ‘வித் எடிட்டர்’ என்றால் இன்னும் ஆசிரியர் மேசையில் இருக்கிறது. ‘ரிக்வயர்டு ரிவியூஸ் கம்ப்ளீட்டட்’ என்றால் வர வேண்டிய கருத்துகள் வந்துவிட்டன. அதைப் பார்த்து மகிழ்ந்த மறுவாரம் மறுபடியும் ‘அண்டர் ரிவியூ’ என்று மாறினால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஒருவர் வெளியிடலாம் என்றும் மற்றவர் கூடாது என்றும் சொல்லியிருப்பார்கள். ஆசிரியர் மூன்றாமவரைத் தேடுகிறார். ஸ்காலர்ஒன் மென்பொருளில் ‘அவெய்ட்டிங் ரிவியூவர் செலக்‌ஷன்’ என்று வரும். ஆள் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். எனக்குப் பிடித்த சொல் அதுதான், பொய் கலக்காதது.

தொண்ணூறுகளில் ஒரு கட்டுரையை மதிப்பீட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எழுதியவர் பதினைந்து நாளுக்கு ஒரு இன்லண்டு கடிதம் போடுவார். நான் ‘மதிப்பீட்டில் உள்ளது’ என்று அஞ்சலட்டையில் பதில் போடுவேன். நான்கு மாதம் கழித்துக் கவர் என்னிடமே திரும்பியது, ‘வீடு மாறிவிட்டார்’ என்ற குறிப்போடு. அத்தனை நாளும் அது யாருடைய மதிப்பீட்டிலும் இல்லை, ஏதோ ஒரு தபால் நிலையத்தின் மூலையில் கிடந்தது. நான் பொய் சொல்லவில்லை, ஆனால் சொன்னது பொய். மென்பொருள் வந்தபின் அந்த அவமானம் எனக்கு இல்லை: அழைத்த தேதி, ஒப்புக்கொண்ட தேதி, நினைவூட்டல் போன தேதி எல்லாம் ஆசிரியருக்குத் தெரியும். படிக்க உட்காரும் ஆளை மட்டும் அதனால் உண்டாக்க முடியாது.

மூன்று மாதம் தாண்டினால் ஆசிரியருக்கு எழுதுவதில் தவறில்லை. கட்டுரை எண், தலைப்பு, அனுப்பிய தேதி, ‘நிலை அறிய விரும்புகிறேன்’. நான்கு வரி போதும். ஆய்வேடு சமர்ப்பிக்கக் கடைசி நாள் நெருங்கினால் அந்தத் தேதியையும் குறிப்பிடுங்கள். தேதியைப் பார்த்தால் ஆசிரியர்களுக்கு இரக்கம் வரும், புலம்பலைப் பார்த்தால் வராது. ஐந்து மாதம் பொறுத்தாகிவிட்டது என்று அதே கட்டுரையை வேறு இதழுக்கும் அனுப்பிவிடாதீர்கள். திரும்பப் பெறுவதாக எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்ட பதில் கையில் வந்தபிறகுதான் அடுத்த இடம்.

ஆய்வு மாணவர், கோவை: எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது என்பதால் பெயரை நீக்கிய பிரதியைத்தான் ஏற்றினேன். ஆனாலும் மதிப்பீட்டாளர் ‘இம்மாணவர்’ என்று எழுதியிருக்கிறார். எப்படிக் கண்டுபிடித்தார்?

வேர்டு கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் தானாகப் பதிந்திருக்கும். நெறியாளரின் கணினியில் அடித்திருந்தால் அவர் பெயர் இருக்கும், பிரவுசிங் சென்டரில் அடித்திருந்தால் கடைக்காரர் பெயர் இருக்கும். ஒரு மதிப்பீட்டாளர் எங்களுக்கு ‘திரு. ஸ்டார் ஜெராக்ஸ் நன்றாக எழுதியிருக்கிறார்’ என்று எழுதியதுண்டு. ஏற்றுவதற்கு முன் கோப்பின் பண்புகளில் போய் அழித்துவிடுங்கள். ‘எனது முந்தைய கட்டுரையில் கூறியதுபோல’ என்று அடிக்குறிப்பில் எழுதிவிட்டு அட்டையில் பெயரை மறைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி விரிவுரையாளர், சேலம்: எங்கள் துறை ஓர் ஆய்விதழ் தொடங்குகிறது. ‘கிளவுட் மென்பொருள், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்’ என்று ஒருவர் விலை சொல்கிறார். வாங்கலாமா? மேகம் என்றால் எங்கள் கட்டுரைகள் எங்கே இருக்கும்?

மேகம் என்பது இன்னொருவர் கட்டடத்தில் ஓடும் கணினி. வாடகை கொடுக்கிறோம், மின்சாரமும் பூட்டும் அவர்கள் பொறுப்பு. பெயரில்தான் ஆகாயம்.

ஒன்றரை லட்சத்தை எண்ணி வைப்பதற்கு முன் ஓஜேஎஸ் என்ற ‘ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’ மென்பொருளைப் பாருங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் வில்லின்ஸ்கி என்ற கல்வியியல் பேராசிரியர் 1998இல் ‘பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு, பணம் கட்டினால்தான் படிக்கலாம் என்ற பூட்டுக்குள் இருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. இதழ் நடத்தும் செலவு குறைந்தால் பூட்டுக்குத் தேவை இருக்காது என்று 2001இல் இந்த மென்பொருளை வெளியிட்டார்கள். விலை கிடையாது. உலகில் 25,000க்கும் மேற்பட்ட இதழ்கள் இதில் நடக்கின்றன. சமர்ப்பிப்பு, மதிப்பீடு, பிரதி திருத்தம், தயாரிப்பு என்று நான்கு கட்டங்கள். பதிவேடு எழுதத் தெரிந்தவர் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். எனக்கு இரண்டு வாரம் ஆனது. 2016இல் மூன்றாம் பதிப்பு வந்து எல்லாப் பொத்தான்களும் இடம் மாறியபோது இன்னொரு மாதம் ஆனது. அந்த மாதம் வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை.

மென்பொருள் இலவசம், சர்வர் இலவசமல்ல. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். பழைய பதிப்பை அப்படியே விட்டு வைத்த தளங்களில் திருடர்கள் புகுந்து சூதாட்ட விளம்பரம் ஒட்டுகிறார்கள். இந்த வேலைக்கு ஆள் இல்லையென்றால், பணம் கொடுத்து இன்னொருவர் சர்வரில் ஓஜேஎஸ்ஸை ஓட்டச் சொல்வதில் தவறில்லை. உங்களிடம் விலை சொன்னவர் ஓஜேஎஸ்ஸைத்தான் வேறு சட்டை போட்டு விற்கிறாரா என்று விசாரியுங்கள். விற்பதும் குற்றமில்லை, ஆனால் என்ன வேலைக்கு அந்தப் பணம் என்று சொல்ல வேண்டும். இதழுக்கான அடையாள எண்ணாகிய ஐஎஸ்எஸ்என் எண்ணுக்கும் சேர்த்துப் பணம் கேட்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதைப் புதுதில்லியில் உள்ள தேசிய அறிவியல் நூலகம் கட்டணமில்லாமல் தருகிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணுக்கு மட்டும் செலவு உண்டு: அதைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பில் ஆண்டுச் சந்தாவும், கட்டுரைக்கு ஒரு சிறு தொகையும்.

வாடகை வீட்டுக்காரர் மாறுவார் என்பதையும் நினைவில் வையுங்கள். எடிட்டோரியல் மேனேஜரை உருவாக்கிய ஏரீஸ் நிறுவனத்தை 2018இல் எல்சவியர் என்ற பதிப்பகம் வாங்கியது. ஸ்காலர்ஒன் 2024இல் கிளாரிவேட் நிறுவனத்திடமிருந்து சில்வர்செயர் நிறுவனத்தின் கைக்குப் போனது. பெரிய இதழ்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள், நமக்கு இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே ‘எங்கள் கட்டுரைகள், மதிப்பீடுகள், முகவரிகள் எல்லாவற்றையும் நாங்கள் கேட்கும் நாளில் முழுதாக எடுத்துத் தர வேண்டும்’ என்ற வரி இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இது என் வயிற்றெரிச்சல். எங்கள் இதழின் இணைய முகவரியைப் பதிவு செய்தவர் ஒரு தற்காலிக விரிவுரையாளர். கெட்டிக்காரப் பிள்ளை. தன் சொந்த மின்னஞ்சலில், தன் சொந்த அட்டையில் பதிவு செய்தார். நாங்கள் எண்ணூறு ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்கினோம். அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் அவர் பார்க்காத முகவரிக்குப் போயின. ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் இதழைத் திறந்தால் வெறும் பக்கம் வந்தது. உள்ளே நாற்பது கட்டுரைகள் மதிப்பீட்டில். அவரைப் பிடித்து, அவர் பழைய கடவுச்சொல்லை நினைவுபடுத்தி, முகவரி திரும்பக் கிடைக்கப் பதினெட்டு நாள் ஆனது. சர்வர் பத்திரமாகத்தான் இருந்தது. வாசல் இல்லாமல் போய்விட்டது. முகவரியை நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டு முதல்வர் அறைப் பீரோவில் வையுங்கள். இளைஞர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

உதவிப் பேராசிரியர், விழுப்புரம்: ஓர் இதழ் முறையான மென்பொருள் வைத்திருக்கிறது. நுழைந்ததும் எண் தருகிறது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நம்பலாமா?

பொன் நிறுக்கும் தராசு திருட்டு நகை வாங்குகிறவன் கடையிலும் இருக்கும். ஓஜேஎஸ் யாருக்கும் இலவசம் என்றேன் அல்லவா, ஏமாற்று இதழ்களுக்கும் இலவசம்தான். ஏற்கத்தக்க இதழ்கள் என்று வெளியிடும் பட்டியலையும் முழுதாக நம்ப முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவே 2018 மே மாதம் தன் பட்டியலில் இருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதன்பின் வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். இப்போது நல்லது கெட்டது பார்ப்பது கல்லூரிகளின் பொறுப்பு, அதாவது உங்கள் பொறுப்பு.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எத்தனை நாளில் ஏற்றுக்கொண்டார்கள்? திங்கட்கிழமை அனுப்பி வியாழக்கிழமை ‘மதிப்பீடு முடிந்தது, ஏற்கப்பட்டது, இந்தக் கணக்கில் பணம் கட்டவும்’ என்று வந்தால், யாரும் படிக்கவில்லை. திருத்தம் ஒன்றுகூடக் கேட்காத மதிப்பீடு என் முப்பத்து மூன்று ஆண்டுகளில் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

முனைவர் பட்ட ஆய்வாளர், சென்னை: ‘மதிப்பீட்டாளர்களைப் பரிந்துரைக்கவும்’ என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. என் நண்பரும் அதே துறைதான். அவர் பெயரைப் போடலாமா?

போடாதீர்கள். அந்தக் கட்டம் பார்க்கத்தான் சாதாரணம், அதற்குள் பெரிய வண்டிகளே கவிழ்ந்திருக்கின்றன.

அது எதற்காக வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குறுகிய துறைகளில் யாருக்கு எது தெரியும் என்று ஆசிரியருக்கே தெரியாது. சோழர் செப்பேடுகளுக்கு ஆள் தெரியும். உப்பங்கழி நண்டுகளின் ஒட்டுண்ணிகளுக்கு யாரைத் தெரியும்? எழுதியவரையே கேட்டுவிடுவது சுருக்கு வழி. தென் கொரியாவில் ஹியுங்-இன் மூன் என்ற தாவர மருந்து ஆய்வாளர் இந்தச் சுருக்கு வழியில் தன் வீட்டுக்கே பாதை போட்டார். சில இடங்களில் உண்மையான அறிஞர்களின் பெயரைக் கொடுத்தார், சில இடங்களில் இல்லாத ஆட்களின் பெயரை. மின்னஞ்சல் முகவரிகள் மட்டும் அவரிடமோ அவருக்கு வேண்டியவர்களிடமோ போய்ச் சேருபவை. இதழ் அனுப்பிய அழைப்பு அவருக்கே வந்தது, அவர் கட்டுரையை அவரே மதிப்பிட்டார். கெட்டிக்காரத்தனமாகச் சில திருத்தங்களும் சொல்லிக்கொண்டார். மாட்டியது எப்படி என்றால், மதிப்பீடுகள் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வந்துவிட்டன. ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தது. எங்களைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்போம்: அவ்வளவு நல்ல மதிப்பீட்டாளர் உலகத்திலேயே கிடையாது. கேட்டதும் ஒப்புக்கொண்டார். 2012இல் அவருடைய 28 கட்டுரைகளை, வெளியிட்ட இதழ்களே செல்லாது என்று திரும்பப் பெற்றன.

இரண்டு ஆண்டு கழித்துத் தைவான். அதிர்வியல் துறையில் சேஜ் என்ற பதிப்பகம் நடத்தும் ஓர் இதழ் 2014 ஜூலையில் 60 கட்டுரைகளை ஒரே மூச்சில் திரும்பப் பெற்றது. மென்பொருளில் 130 வரையிலான போலிக் கணக்குகளை வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் ஒருவரையொருவர் மதிப்பிட்டுக்கொண்டிருந்தது. சில கட்டுரைகளில் அந்நாட்டின் கல்வி அமைச்சர் பெயரும் இருந்தது. தனக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் பதவி விலகினார்.

இதைப் படித்த நாளில் எனக்கு ஒன்று உறைத்தது. தபால் காலத்தில் ஒரு பேராசிரியருக்கு அனுப்புவதென்றால் கல்லூரி முகவரிக்கு அனுப்புவேன். அங்கே அலுவலக உதவியாளர் ஒருவர் வாங்குவார், மேசையில் வைப்பார். போலிப் பேராசிரியருக்குக் கவர் போனால் ‘அப்படி யாரும் இல்லை’ என்று திரும்பி வந்துவிடும். தபால்காரர் எங்களுக்கே தெரியாமல் சரிபார்ப்பு வேலை செய்துகொண்டிருந்தார். மென்பொருள் வந்ததும் அந்த ஆளை நீக்கிவிட்டோம், அவர் இடத்தில் யாரையும் வைக்கவில்லை.

பிறகு வைத்தார்கள். 2012இல் தொடங்கிய ஆர்சிட் என்ற, ஆய்வாளருக்கான பதினாறு இலக்க அடையாள எண்ணைப் பல இதழ்கள் கேட்கின்றன. நிறுவனத்தின் மின்னஞ்சலைத்தான் ஏற்போம் என்கிறார்கள். நான் இருந்தவரை, பரிந்துரைத்த பெயரை எடுத்துக்கொண்டு முகவரியை மட்டும் கல்லூரித் தளத்தில் நானே தேடி எடுப்பேன். ஐந்து நிமிட வேலை. இரண்டு முறை அது உதவியது. இருவரும் இப்போது நல்ல பதவியில் இருப்பதால் மேலே சொல்லவில்லை.

உங்கள் நண்பரை ‘இவரிடம் அனுப்ப வேண்டாம், என் நண்பர்’ என்று குறிப்பிடலாம். ஆசிரியர் உங்களை மதிப்பார்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்: நான் பாமினி எழுத்துருவில் அடித்த கட்டுரையை ஏற்றினால், தலைப்பு ஏதோ ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது. மென்பொருளில் தமிழ் வராதா?

தமிழ் வரும் ஐயா, நீங்கள் அனுப்பியதுதான் தமிழல்ல. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி தன் நினைவில் வைத்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளை. அந்த எழுத்துரு என்ற முகமூடியை மாட்டியதால் அது தமிழாகத் தெரிந்தது. தலைப்புக் கட்டத்தில் ஒட்டும்போது முகமூடி கழன்றுவிடுகிறது. யூனிகோடில் அடித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்கே உரிய எண் இருக்கும், எங்கே ஒட்டினாலும் தமிழாகவே நிற்கும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. துறைகளில் இருக்கும் பழைய கணினிகளுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இதில் நகைப்புக்குரிய இன்னொரு பக்கமும் உண்டு. பிறர் எழுத்தைத் திருடியிருக்கிறார்களா என்று பார்க்கும் மென்பொருளில் பாமினிக் கட்டுரையைப் போட்டால், இந்த ஜே, கே, பி, ஓ குப்பைக்கு ஒத்த வாக்கியம் அதன் சேமிப்பில் எதுவும் இல்லை என்பதால் ‘பூச்சியம் விழுக்காடு’ என்று சான்றிதழ் தரும். ஒருமுறை எங்களுக்கு அப்படிப் பூச்சியம் விழுக்காட்டுச் சான்றிதழோடு ஒரு கட்டுரை வந்தது. மூன்றாம் பத்தியைப் படித்தபோது எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. எங்கள் இதழிலேயே ஆறு ஆண்டுகளுக்கு முன் வந்த கட்டுரை அது. மெய்ப்புப் பார்த்தவள் நான், அதனால் பிழைத்தோம்.

இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள். அடிக்குறிப்பை மாற்றாமல் விட்டுவிடுவது எல்லோரும் செய்யும் தவறு.

மதிப்பீட்டாளர் ஒருவர், மதுரை: மாதம் நான்கு கட்டுரை வருகிறது. சாட்ஜிபிடியிடம் கொடுத்துக் கருத்து வாங்கி ஏற்றினால் என்ன?

கட்டுரை உங்களுடையதல்ல, நம்பி உங்கள் கையில் கொடுத்தது. வெளிவராத எழுத்தை வெளியாளிடம் கொடுப்பது அன்றும் தவறு, இன்றும் தவறு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் தங்கள் நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுவோர் இப்படிச் செய்யக் கூடாது என்று 2023 ஜூனில் தடை போட்டன. காரணமும் இதேதான், ரகசியம். உங்களைப்போல் யோசிப்பவர்களுக்குப் பொறி வைக்கவும் ஆட்கள் வந்துவிட்டார்கள். 2025 ஜூலையில் ஜப்பானிய ‘நிக்கேய்’ நாளிதழ் ஒரு விஷயத்தை வெளியிட்டது: எட்டு நாடுகளைச் சேர்ந்த 14 நிறுவனங்களில் இருந்து வந்த 17 கட்டுரைகளில், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகவோ மிகச் சிறிய எழுத்தாகவோ, ‘நல்ல விதமாக மட்டும் மதிப்பிடு’ என்ற கட்டளை ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. மனிதக் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரம் படித்துக் கீழ்ப்படியும். இந்தப் பக்கம் படிக்காத மதிப்பீட்டாளர், அந்தப் பக்கம் அவர் படிக்கமாட்டார் என்று தெரிந்த எழுத்தாளர். நான்கு கட்டுரை அதிகம் என்றால் மூன்றை முதல் நாளே மறுத்துவிடுங்கள். மறுக்கும் பொத்தான் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது.

ஓய்வு பெற்ற நூலகர், நாகர்கோவில்: இந்த மென்பொருள் எதுவும் இல்லாத காலத்தில்தான் நல்ல ஆய்விதழ்கள் வந்தன என்கிறேன். மறுக்க முடியுமா?

பாதி மறுப்பேன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1952 முதல் 1971 வரை ‘அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்’ இதழின் நிர்வாக ஆசிரியராக இருந்தார். சேர்ந்தபோது ஆண்டுக்கு சுமார் 950 பக்கம். விட்டபோது 12,000 பக்கத்துக்கு மேல். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இதழாக இருந்ததை அமெரிக்க வானியல் கழகத்தின் தேசிய இதழாக்கினார். இத்தனையும் கடிதத்தாலும் தட்டச்சாலும், மிகச் சிறிய அலுவலகத்தை வைத்துக்கொண்டு, தன் ஆராய்ச்சிக்கும் வகுப்புகளுக்கும் நடுவே செய்தது. ஆகவே மென்பொருள் இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் நானும் உங்கள் கட்சி. ஆனால் எத்தனை சந்திரசேகர் கிடைப்பார்கள்? என்னைப் போன்ற சாதாரண ஆள் உட்கார்ந்தாலும் கட்டுரை தொலையாமல் இருக்க வேண்டுமே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

அந்தக் காலத்தில் மதிப்பீடு என்பதே எல்லோருக்கும் பழகிய வழக்கமும் அல்ல. 1936இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பு அலைகள் பற்றி ‘பிசிக்கல் ரிவியூ’ இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். ஆசிரியர் அதை ஒரு நிபுணரிடம் காட்டினார். நிபுணர் தவறு இருக்கிறது என்று நீண்ட குறிப்பு எழுதினார். அச்சிடத்தான் கொடுத்தோம், பிறரிடம் காட்ட அனுமதி தரவில்லை என்று கோபித்துக்கொண்டு ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்று வேறு இதழில் வெளியிட்டார். ஆனால் வெளியிடும் முன்பு முடிவை மாற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் நிபுணர் சொன்னது சரி. திருச்சி மாணவி இதை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்ற பேராசிரியர், கும்பகோணம்: எனக்கு வயது 76. ஓர் இதழ் மதிப்பீட்டுக்கு அழைக்கிறது. உள்ளே நுழை, கடவுச்சொல் மாற்று, பெட்டியில் நிரப்பு என்கிறது. தாளில் எழுதித் தபாலில் அனுப்பினால் ஏற்கமாட்டார்களா?

ஏற்பார்கள். ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். உங்கள் கருத்தைப் படமெடுத்து உங்கள் பெயரில் அவர்களே ஏற்ற வழி இருக்கிறது. எங்களிடமும் உங்களைப்போல் ஒருவர் இருந்தார். பதினோரு பக்கம், இரண்டு பக்கமும் எழுதி, ஓரத்தில் அம்புக்குறி போட்டு அனுப்புவார். நான் அதைத் தட்டச்சு செய்து ஏற்றுவேன். அவர் கைபட்ட கட்டுரைகள்தான் எங்கள் இதழில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. கடவுச்சொல்லைப் பேரனிடம் கொடுத்து ஏற்றச் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். வெளிவராத கட்டுரை அதில் தெரிந்துவிடும், பிள்ளைகள் நண்பர்களிடம் சொல்லிவிடுவார்கள். பணிக்காலப் பழக்கத்தில் பச்சை மையில் எழுதுபவராக இருந்தால், ஸ்கேனில் அது மங்கிவிடும். கறுப்பு மையில், ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள் ஐயா.